185 கேஸ் (குடித்துவிட்டு வண்டி ஓட்டியது): ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடலாமா, நடத்தலாமா?

கேள்விப்பெட்டி:
பலருக்கும் வரும் நிலைமை என்பதால் பொதுவாகவே கேட்கிறேன். டூவீலர், இரவு வாகனச் சோதனை, ஊதச் சொன்னதில் 34 என்று சீட்டு வந்திருக்கிறது. விபத்து இல்லை, பழைய வழக்கு இல்லை. லைசன்ஸை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்திருக்கிறார்கள், வண்டி ஸ்டேஷனில். "கோர்ட்ல பத்தாயிரம் கட்டினா முடிஞ்சுது, இதுக்குப் போய் வக்கீலா?" என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது சரியா? எதிர்த்து நடத்த எதாவது இருக்கிறதா?

வக்காலத்து:
"ஃபைன்" என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஹெல்மெட், சிக்னல் மாதிரி போலீஸிடமே கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 200-ல் பட்டியலாக இருக்கின்றன. 185 அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால் மாஜிஸ்திரேட் முன்னால்தான் முடிய வேண்டும். அங்கே நீங்கள் பணம் மட்டும் கட்டவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெறுகிறீர்கள். முதல் தடவை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அடுத்த தடவை 2 வருடம் வரை, அல்லது 15,000, அல்லது இரண்டும்.

இதில் நிறைய பேர் கவனிக்காத ஒன்று. பழைய சட்டத்தில் மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் "இரண்டாவது குற்றம்". 2019 திருத்தம் அந்த மூன்று வருடக் கணக்கையே எடுத்துவிட்டது. இன்றைக்கு ஒத்துக்கொண்டால், பத்து வருடம் கழித்து மாட்டினாலும் அது இரண்டாவதுதான். அதோடு, ஒப்புக்கொண்டு வந்த தண்டனையில் மேல்முறையீடு தண்டனையின் அளவு, சட்டப்படியான தன்மை பற்றி மட்டும்தான். குற்றமே செய்யவில்லை என்று பிறகு வாதிட வழியில்லை.

அதற்காக எல்லோரும் நடத்த வேண்டும் என்று சொல்லவில்லை. 120, 150 என்று வந்து, காகிதமெல்லாம் ஒழுங்காக இருந்தால் நடத்துவது வீண். 34 வேறு விஷயம். எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். நாலு எண் வித்தியாசத்தில் ஒரு கருவியின் சீட்டை மட்டும் நம்பித் தண்டனை கேட்கிறார்கள் என்றால், அந்தக் கருவியைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தலையாட்டலாம்.

ஆய்வகத்தான்:
கருவியைப் பற்றி நான் சொல்கிறேன். அது ரத்தத்தை அளப்பதே இல்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, 2100-ஆல் பெருக்கி, ரத்தத்தில் இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அந்த 2100 ஒரு சராசரி. ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே குடித்த பிறகு நேரம் ஆக ஆக மாறும். காய்ச்சலில் உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காட்டும் அளவு ஏறக்குறைய 6 சதவீதம் ஏறும். 150 காட்டும் இடத்தில் இதெல்லாம் ஒன்றுமில்லை. 34-ல் இது வாழ்வா சாவா.

முதலில் சீட்டில் என்ன அலகு என்று பாருங்கள். சில கருவிகள் 100 மில்லி ரத்தத்துக்கு மில்லிகிராம் காட்டும், சில சதவீதம், சில ஒரு லிட்டர் மூச்சுக்கு மில்லிகிராம். சட்டத்தின் 30 என்பது சதவீதத்தில் 0.03, மூச்சுக் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 0.14 மில்லிகிராம். 100 மில்லி மூச்சுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அச்சடிக்கும் கருவியும் உண்டு. அதில் 34 வந்தால் ரத்தக் கணக்கு 70-ஐத் தாண்டிவிடும். அப்போது "நாலுதான் கூட" என்ற வாதமே இல்லை. குற்றப்பத்திரிகையில் அலகு எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதியிருப்பதும் உண்டு. அது அரசுத் தரப்புக்குப் பலவீனம்.

இரண்டாவது, வாயில் தங்கும் ஆல்கஹால். கடைசி மிடறு, வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் சிரப், ஹோமியோபதித் துளி, அரிஷ்டம், ஏப்பம், எதுக்களிப்பு எல்லாமே நுரையீரல் காற்றுக்குப் பதிலாக வாய்க் காற்றை அளக்க வைத்துவிடும். அதனால்தான் 15 நிமிடம் காத்திருந்து, அந்த நேரத்தில் எதுவும் வாயில் போடவில்லை, ஏப்பம் விடவில்லை என்று பார்த்துவிட்டு ஊத வைப்பதும், இரண்டு தடவை ஊத வைத்து இரண்டும் பக்கத்தில் வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல முறை. சாலையோரச் சோதனையில் வண்டியை நிறுத்திய அடுத்த நிமிடமே குழாயை நீட்டுவார்கள். நிறுத்திய நேரம், சீட்டில் உள்ள நேரம் இரண்டையும் ஒப்பிட்டாலே இது தெரியும்.

ரோட்டோரம்:
அரிஷ்டம் குடித்தேன் என்று சொன்னால் கோர்ட் நம்புமா சார்? எல்லாரும் அதைத்தானே சொல்வார்கள்.

ஆய்வகத்தான்:
வெறும் வாயால் சொன்னால் நம்பாது, நம்பவும் கூடாது. அரிஷ்டத்தில் ஆல்கஹால் உண்டு என்பது உண்மை. ஆனால் மருந்து அளவில் குடித்தது ரத்தத்தில் 30-ஐத் தொடாது. அது வாயில் இருக்கும் சில நிமிடங்களுக்குத்தான் கருவியைக் குழப்பும். ஆகவே கேள்வி "அரிஷ்டம் குடித்தாரா" என்பதல்ல. "காத்திருந்து இரண்டாவது தடவை ஊத வைத்தார்களா" என்பது. மருந்துச்சீட்டும் பில்லும் இருந்தால் துணைக்கு வரும்.

வக்காலத்து:
ஆய்வகத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரிவு 203-ன் விளக்கத்தில் "மூச்சுச் சோதனை" என்றாலே மத்திய அரசு அரசிதழில் அறிவித்து ஒப்புதல் தந்த வகைக் கருவியால் செய்வது என்றுதான் பொருள். எனவே கேட்டு வாங்க வேண்டியவை: கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண், அந்த எண்ணுக்கான அளவுத்திருத்தச் சான்றிதழ், அதன் தேதி, அன்று இரவு அந்தக் கருவியில் பதிவான எல்லாச் சோதனைகளின் பட்டியல், இயக்கியவர் பயிற்சி பெற்றவரா என்பதற்கான ஆவணம். இவை வழக்குக் கட்டோடு வராது. கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 94-ல் மனுப் போட்டு வரவழைக்க வேண்டும். தகவல் அறியும் சட்டத்தில் தனியாகக் கேட்டு வைப்பதும் நல்லது, செலவு குறைவு.

வரிசை எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். சான்றிதழ் ஒரு கருவிக்கு, சீட்டு இன்னொரு கருவியிலிருந்து என்று இருந்தால் அந்தச் சான்றிதழால் அரசுத் தரப்புக்குப் பயனில்லை.

பெஞ்சுகிளார்க்:
எல்லாரும் சட்டம் பேசுறீங்க. அந்தச் சீட்டு தெர்மல் பேப்பர். வெயில்ல, பர்ஸுக்குள்ள வச்சா ரெண்டு மூணு மாசத்துல வெளுத்துப் போயிடும். கோர்ட் கட்டுல உள்ளதும் அப்படித்தான். கையில கிடைச்ச அன்னைக்கே ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, ஜெராக்ஸ் போடுங்க. சீட்டுல கையெழுத்து வாங்கியிருப்பாங்க, "அளவை ஒப்புக்கொள்கிறேன்"னு மேல எழுதியிருக்கான்னு பாருங்க. அப்புறம் முதல் நாள் கோர்ட்ல என்ன நடக்கும்னா, ஒரே நாள்ல நிறைய கேஸ் இருக்கும், பேரைக் கூப்பிடுவாங்க, "குடிச்சுட்டு வண்டி ஓட்டினீங்களா"ன்னு ஒரு கேள்வி. "ஆமாங்கய்யா"ன்னா தொகையைச் சொல்லிட்டு அடுத்த பேரு. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. நடத்தணும்னா அங்க சொல்ல வேண்டியது "இல்லை, வழக்கை நடத்துறேன்"ங்கிற ஒரு வரிதான். குடிக்கவே இல்லைன்னு சாதிக்க வேண்டியதில்ல, கதையும் சொல்ல வேண்டியதில்ல. வக்கீல் வைக்க நேரம் கேட்டா வாய்தா கொடுப்பாங்க.

குறுக்குக்கேள்வி:
கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டாவிட்டால் கேஸே தள்ளுபடி என்று படித்தேனே?

வக்காலத்து:
அதிகமாகத் தப்பாகச் சொல்லப்படும் விஷயம் இது. பிரிவு 202 சொல்வது: 185-ல் கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். "காவலிலிருந்து" என்பதைக் கவனியுங்கள். வழக்கு தானாகச் சாகாது. ஆனால் குறுக்கு விசாரணையில் இதற்குப் பெரிய பயன் உண்டு. மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை என்றால், சீட்டைத் தாங்கிப் பிடிக்க வேறு சாட்சியம் இல்லை. மருத்துவரிடம் போயிருந்தால் அவர் எழுதியதைப் படியுங்கள். "மது வாசனை உண்டு; நடை, பேச்சு இயல்பு; கண்மணி இயல்பு" என்று எழுதியிருந்தால் அது உங்களுக்கும் ஒரு காகிதம்.

வாசனையை மட்டும் வைத்துப் போதையைத் தீர்மானிக்க முடியாது என்பது நெடுநாளாகவே நிலைத்த சட்டம். பச்சுபாய் ஹஸ்ஸனல்லி கார்யானி வழக்கில் 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது: வாசனை, தள்ளாட்டம், உளறல், விரிந்த கண்மணி இவை மட்டும் போதாது. அங்கே ரத்தம் எடுத்தும் அறிக்கையைத் தாக்கல் செய்யவில்லை.

இது ஜாமீனில் விடவேண்டிய குற்றம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது உரிமை, சலுகை இல்லை.

ரோட்டோரம்:
அப்படியானால் ஊத மறுத்துவிடுவதே புத்திசாலித்தனமா?

வக்காலத்து:
இல்லை. பிரிவு 205 படித்துவிட்டு முடிவெடுங்கள். நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். கூடவே 203-ல் கைது செய்யவும், 204-ல் ரத்தம் கேட்கவும் அதிகாரம் வந்துவிடுகிறது. ஆஸ்துமா போன்ற காரணத்தால் முழுதாக ஊத முடியவில்லை என்றால் அங்கேயே சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குத் தயார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அது மறுப்பு ஆகாது. உள்நோயாளியாக ஆஸ்பத்திரியில் இருப்பவரிடம், பொறுப்பு மருத்துவருக்குத் தெரிவிக்காமலோ அவர் வேண்டாம் என்றபோதோ மாதிரி எடுக்க முடியாது.

ஆய்வகத்தான்:
ரத்தம் எடுத்த வழக்கு என்றால் வேறு பட்டியல். ஊசி போடும் இடத்தைத் துடைத்தது ஸ்பிரிட்டா? ஆல்கஹால் இல்லாத திரவத்தால் துடைக்க வேண்டும், துடைத்தது எது என்று எழுதியிருக்க வேண்டும். குப்பியில் சோடியம் ஃபுளோரைடு, பொட்டாசியம் ஆக்சலேட் இருந்ததா? ஃபுளோரைடு நுண்ணுயிர் வளர்ச்சியைத் தடுக்கும். அது இல்லாமல், குளிர்பதனமும் இல்லாமல் நாலைந்து நாள் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்த குப்பியில் நொதித்துப் புதிதாக ஆல்கஹால் உண்டாகலாம். உள்ளே இருப்பது ஆவியாகிக் குறையவும் செய்யலாம். இரண்டில் எது நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

முத்திரை: குப்பி மேல் வைத்த முத்திரையின் மாதிரி தனியாக ஆய்வகத்துக்குப் போயிருக்க வேண்டும், ஆய்வக அறிக்கையில் "முத்திரை சிதையாமல் மாதிரியோடு ஒத்திருந்தது" என்று வரி இருக்க வேண்டும். எடுத்த தேதி, அனுப்பிய தேதி, ஆய்வகம் பெற்ற தேதி, ஆய்வு செய்த தேதி என்று நாலு தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இடைவெளி எங்கே என்று கண்ணுக்கே தெரியும்.

தனியார் ஆஸ்பத்திரி அறிக்கை என்றால் இன்னொரு சிக்கல். அவர்கள் பெரும்பாலும் சீரத்தில், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய திரவத்தில், அளப்பார்கள். முழு ரத்தத்தைவிடச் சீரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சட்டம் கேட்பது ரத்தத்தில் உள்ள அளவு. அதுவும் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த ஆய்வகத்தில் அளந்தது.

குறுக்குக்கேள்வி:
ஓட்டும்போது 45 இருந்திருக்கும், ரத்தம் எடுக்கும்போது 25 என்று வந்தால்?

ஆய்வகத்தான்:
உடம்பு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் குறைக்கும், ஆளைப் பொறுத்து 10 முதல் 20 வரை. பின்னோக்கிக் கணக்குப் போடலாம், ஆனால் கடைசியாக எப்போது குடித்தார், சாப்பிட்டாரா என்று தெரியாமல் போடும் கணக்குக்கு மதிப்பில்லை. குடித்த அரை மணி முதல் ஒன்றரை மணி வரை அளவு ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் வெட்டும்: பிறகு எடுத்த மாதிரியில் 36 என்றால், ஓட்டும்போது 30-க்குக் கீழே இருந்திருக்கலாம் என்ற வாதமும் நிற்கும்.

வக்காலத்து:
அரசு ஆய்வக அறிக்கையை அதைத் தந்த நிபுணரை விசாரிக்காமலே சாட்சியமாகப் படிக்கலாம். அவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றால் நீங்கள்தான் மனுப் போட வேண்டும். நிறைய பேர் இதைத் தவறவிட்டு, வாதத்தின்போது "நிபுணரை விசாரிக்கவில்லை" என்கிறார்கள். அப்போது காலம் கடந்துவிட்டது.

கடலோரக்கவி:
கேரளத்தில் 2025-ல் ஒரு தீர்ப்பு வந்ததே, வெற்றுச் சோதனை பற்றி?

வக்காலத்து:
ஆமாம். ஆளை ஊத வைப்பதற்கு முன் கருவியில் வெறும் காற்றை அளந்து 0.000 வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வழக்கில் வெறும் காற்றுக்கே கருவி எண் காட்டியிருந்தது. 185 குற்றச்சாட்டைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நமக்கு அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, எடுத்துக்காட்டும் தீர்ப்பு. ஆனால் கேள்வி நல்லது: உங்கள் சீட்டில் ஆளின் எண்ணுக்கு மேலே வெற்றுச் சோதனை வரி இருக்கிறதா? சில கருவிகள் அச்சடிக்கும். முந்தைய ஆள் 180 ஊதிய அதே குழாய்முனையை மாற்றாமல் அடுத்தவரை ஊத வைத்தார்களா என்பதும் இதோடு சேர்ந்தது. அன்றிரவின் முழுப் பட்டியலைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

பெஞ்சுகிளார்க்:
லைசன்ஸ் விஷயத்தை யாருமே பேசல. அதுதான் ஓட்டிப் பிழைக்கிறவங்களுக்குப் பெரிய அடி. 206-ல லைசன்ஸை எடுத்துக்கிட்டுக் கொடுக்கிற ரசீதை வச்சு வண்டி ஓட்டலாம்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. 2019-க்கு அப்புறம் ஓட்டக் கூடாது, சட்டத்துலயே எழுதியிருக்கு. லைசன்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும், அங்க இருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். கோர்ட்ல பணம் கட்டியாச்சே, இது எதுக்குன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அது தனி நடவடிக்கை. குறைஞ்சது மூணு மாசம் நிறுத்தி வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தோட சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லயே எல்லா மாநிலத்துக்கும் எழுதியிருக்கு.

வக்காலத்து:
சரி. பிரிவு 19-ல் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் உத்தரவு போட முடியும். எழுத்தில் பதில் கொடுங்கள், நேரில் விசாரணையும் கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது, அளவு இவ்வளவு, கருவிச் சான்றிதழ் கேட்டிருக்கிறோம் என்று இணைப்புகளோடு. உத்தரவு கையில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு.

பின் சீட்டில் இருந்தவர் மேலும் பிரிவு 188-ல் உடந்தை என்று வழக்குப் போடுவது 2022 அக்டோபர் முதல் நம் ஊரில் நடக்கிறது. உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும், அல்லது தெரிந்தே உதவியிருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் போதாது. அவரும் பத்தாயிரம் கட்டி முடிப்பதுதான் மிகவும் வருத்தமான காட்சி.

கேள்விப்பெட்டி:
வண்டியை எப்படி எடுப்பது?

பெஞ்சுகிளார்க்:
அன்னைக்கு ராத்திரியே குடிக்காத, லைசன்ஸ் உள்ள ஒருத்தரை வரவழைச்சா பல இடத்துல கொடுத்துடுவாங்க. தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல அப்படித்தான் கொடுக்கணும்னு சொல்லிச்சு. இங்க கொடுக்கலைன்னா மாஜிஸ்திரேட் கிட்ட இடைக்கால ஒப்படைப்பு மனு. ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை, உரிமையாளரோட பிரமாணப் பத்திரம். வெயில்ல மழையில கிடந்து துருப்பிடிக்க விடாதீங்கன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல சொன்னதைக் காட்டினா போதும்.

கடலோரக்கவி:
விபத்து நடந்திருந்தால் இந்த இழையில் சொன்னதெல்லாம் பொருந்துமா?

வக்காலத்து:
பாதிதான். ஒருவர் இறந்திருந்தால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 106-ல் 5 வருடம் வரை. போதையோடு சேர்ந்த விபத்தில் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று 105-க்கும் போகலாம். அலிஸ்டர் பரேரா, சஞ்சீவ் நந்தா இரண்டு வழக்குகளிலும் 2012-ல் உச்ச நீதிமன்றம் பழைய ஐ.பி.சி. 304 இரண்டாம் பகுதியில்தான் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அங்கே 185-ல் அவசரப்பட்டு "ஆமாம்" சொல்வது தற்கொலைக்குச் சமம். தனியாகச் சின்ன வழக்காகத் தெரியும் அந்த ஒப்புதலைப் பெரிய வழக்கிலும் எடுத்து வைப்பார்கள்.

இன்சூரன்ஸும் அப்படியே. சொந்த வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் கை விரித்துவிடும். இஃப்கோ டோக்கியோ – பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், சோதனை அறிக்கை இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்துப் போதையை நிறுவலாம் என்றது. கிரிமினல் வழக்கில் கிடைக்கும் சந்தேகத்தின் பலன் அங்கே கிடைக்காது. மூன்றாம் நபர் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடுவதும் உண்டு.

கேள்விப்பெட்டி:
எல்லாக் காகிதமும் அவர்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது?

வக்காலத்து:
அப்போது குற்றத்தை விட்டுவிட்டுத் தண்டனையைப் பாருங்கள். நன்னடத்தைச் சட்டம், 1958. முதல் குற்றம் என்றால் பிரிவு 3-ல் கண்டித்து விடுவிக்கவோ, 4-ல் பிணைப்பத்திரம் வாங்கி விடுவிக்கவோ கேட்கலாம். கிடைத்தால் பிரிவு 12 வரும்: தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. அரசு வேலை, பணி விதி என்று பயப்படுபவர்களுக்கு இது பத்தாயிரத்தைவிடப் பெரிய விஷயம். போதை ஓட்டத்தில் நீதிமன்றங்கள் இதைத் தாராளமாகக் கொடுப்பதில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கேட்பதென்றால் தண்டனை பற்றிக் கேட்கும் அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். பழைய வழக்கு இல்லை, வேலை, வயது, குடும்பம், சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தால் அதன் சான்று.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமானம் பார்க்காமலே கேட்கலாம்.

கேள்விப்பெட்டி:
சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நிறுத்தியது 10.52 என்று செலானில், சோதனை 10.54 என்று சீட்டில். ஒரே ஒரு தடவைதான் ஊதியது. வெற்றுச் சோதனை வரி இல்லை.

ஆய்வகத்தான்:
இரண்டு நிமிடம். சான்றிதழ் மனுவை முதல் வாய்தாவிலேயே போட்டுவிடுங்கள். அதில் வரிசை எண்ணைச் சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஒரு பூஜ்யம்கூட விடாமல்.

பெஞ்சுகிளார்க்:
சீட்டை இப்பவே ஜெராக்ஸ் போட்டாச்சா?

கேள்விப்பெட்டி:
போட்டாச்சு. மூன்று காப்பி.